அப்பா கேட்ட தண்ணீர்

ஏப்ரல் 9

காலையிலேயே புழுக்கம். வாங்க வேண்டியவை: தோசை மாவு, அம்மாவுக்கு பிரஷர் மாத்திரை, வேப்பம்பூ (கிடைத்தால்).

பேட்டைத் தமிழ்ச் சங்கத்தின் புத்தாண்டு மலர் வந்தது. வாசலில் நின்றபடியே பிரித்தேன். என் பெயர் இருக்கிறது, என் கவிதை இல்லை!

நான் எழுதிக் கொடுத்தது:

கடைசி நாளில்
ஆஸ்பத்திரி ஆயாவிடம் அப்பா
“மா, ஏக்டு ஜொல் தாவ்” என்றார்.
தண்ணீர் கேட்கிறார்.
பக்கத்தில் நின்ற நான்
அவருக்கு யாரோ.

அச்சில் வந்திருப்பது:

அன்னைத் தமிழே, உன்னை மறவேன் என்றார்
தன்னை மறந்தே கண்ணை மூடினார்.

அப்பா பிறந்ததிலிருந்து இந்தக் கல்கத்தா பவானிபூர்தான். அப்படி ஒரு வசனம் வாழ்நாளில் பேசியதில்லை.

ஏப்ரல் 10

மலரின் ஆசிரியர் சேஷு மாமாவுக்கு போன்.

“புதுக்கவிதை மொட்டையா இருந்ததும்மா, கொஞ்சம் எதுகை போட்டேன். நம்ம மனுஷர் பெங்காலி பேசிண்டே போனார்னு நம்ம மலர்லயே போடலாமா?”

“அவர் எங்க அப்பா, மாமா. சங்கத்துக்கு அப்பா இல்லை.”

“விழாவுல நீயே மேடையில வாசி. எல்லாரும் கண் கலங்கிடுவா பார்.”

வைத்துவிட்டேன். எதுகைக்காக ஒரு மனிதரின் சாவையே மாற்றுவார்களா? அதைவிட எரிச்சல், அம்மா மலரைத் தலைமாட்டில் வைத்திருக்கிறாள். “இப்படியே இருக்கட்டுமேடி. கேக்க நன்னாத்தானே இருக்கு.” அவளோடும் பேச்சில்லை. மாத்திரை வாங்க மறந்துவிட்டேன்.

ஏப்ரல் 14

வேப்பம்பூ கிடைக்கவில்லை. பச்சடியில் மாங்காயும் வெல்லமும் மட்டும்.

மாலை விழா. மேடையேறி நான் எழுதியதையே வாசித்தேன். கைதட்டல் இல்லை. பின்வரிசையில் காலேஜ் பெண் ஒருத்தி மட்டும் மூக்கை உறிஞ்சினாள். சேஷு மாமா மைக்கைப் பிடுங்காத குறை. “கற்பனை நன்னாயிருக்கு” என்றார். கற்பனையாம்!

முன்வரிசையிலிருந்து அம்மா எழுந்துவிட்டாள். “கற்பனை இல்லை. அப்படித்தான் கேட்டார்.”

எனக்கு அழுகை முட்டியது. ஜெயித்துவிட்ட திமிரும்தான். திரும்பும்போது ஆட்டோவில் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். அம்மா ரோட்டைப் பார்த்தபடி சொன்னாள்:

“அன்னிக்குக் காலம்பற, நீ வரதுக்கு முன்னாடி, என்கிட்டதான் மொதல்ல கேட்டார். தமிழ்லதான். டாக்டர் தண்ணி கூடாதுன்னு சொல்லியிருந்தார், நான் குடுக்கலை. திரும்பத் திரும்பக் கேட்டார்டி. அப்புறம்தான் அந்த ஆயாகிட்ட பெங்காலியில கேட்டார்.”