பெரிய படப்பும் உன் செவலையும்

என் பேச்சிக்கு,

நான்தான் எழுதுகிறேன், என் கையாலேயே. நீ கண்ணை மூடிய பிறகு சாயங்கால வகுப்பில் சேர்ந்து எழுதக் கற்றுக்கொண்டேன். இந்த இரண்டு வரிக்குள் காப்பி ஆறிவிட்டது. அதிலும் ஒரு சந்தோஷம்.

சேதிதான் சரியில்லை. பெருமாள்மலைக்குக் கீழே ரோட்டில் மண் சரிந்து எட்டு நாளாகிறது. பஸ் இல்லை, லாரி இல்லை. விடாத மழையில் நானும் உன் செவலைப் பசுவும் பள்ளங்கி ஊருக்குள் அடைபட்டுக் கிடக்கிறோம். அது நிறைசினை. ஈரப்புல்லை மட்டும் போட்டால் கழிகிறது. வைக்கோல் வேண்டும். படப்பாக அடுக்கி நிறைய வைத்திருக்கிறேன், தின்னத்தான் மாட்டேன் என்கிறது.

தப்பு என்னுடையது. ரோடு அடைபடும் முன்னே வத்தலக்குண்டிலிருந்து இரண்டு லாரி வந்தது. ஒன்றில் பொன்னி வைக்கோல், கொஞ்சம்தான். இன்னொன்றில் ஏதோ நெட்டை நெல்லின் வைக்கோல். "பெருசு, இதுல ஏக்கருக்கு வைக்கல் ஜாஸ்தி. அதான் இம்புட்டுக் குவியல்" என்றான் லாரிக்காரன். என்ன நெல் என்றுகூடக் கேட்காமல் இறக்கினேன். கொஞ்சமாகப் பொன்னி வாங்கிய பக்கத்து வீட்டு மூக்கம்மாளிடம், "ஆட்டுக்கா வாங்குன?" என்று கேலி வேறு.

தாள் ஒவ்வொன்றும் குச்சி மாதிரி. செவலை தோகையைப் பொறுக்கிவிட்டு மிச்சத்தை மிதிக்கிறது. நறுக்கிப் போட்டேன், உப்புத்தண்ணீர் தெளித்தேன். முகத்தைத் திருப்பிக்கொண்டது. விலா தெரிகிறது. கன்று போடத் தெம்பு வேண்டாமா, பேச்சி?

மூக்கம்மாள் முன்னால் போய் நிற்க வெட்கம். நாலு நாள் தொழுவத்துக்கும் வாசலுக்கும் நடந்தேன். இன்று வெள்ளனே போய்விட்டேன்.

"என்னண்ணே, மல மாதிரி படப்பு கெடக்கு. இங்க என்ன சோலி?"

"மாடு திங்க மாட்டேங்குது தாயி."

"படப்ப அண்ணாந்து பாத்தா மாட்டுக்குப் பசியாறுமா? வெரசா ஓட்டிட்டு வாங்க. கன்னு போடுற வரைக்கும் எங்க தொழுவத்துல நிக்கட்டும். ஒங்க வைக்கல எங்க காளைக்குப் போடுறேன். அது கல்லயும் திங்கும்."

கொண்டுபோய்க் கட்டினேன். பொன்னியில் வாயை வைத்தது, நிமிரவே இல்லை.

நம் தொழுவம் காலி. ரோடு இன்னும் திறக்கவில்லை. இப்போது அடைபட்டிருப்பது நான் ஒருத்தன்தான்.

இனி எந்த வைக்கோலானாலும் முதலில் ஒரு பிடி செவலைக்கு. அது தின்றால்தான் லாரியிலிருந்து இறக்குவேன். உன்மேல் சத்தியம்.

இப்படிக்கு
உன் வீட்டுக்காரன்
கருப்பையா