காணும் பொங்கலன்று நடுக்கரட்டுத் தீவுக்குப் படகு விடக் கூடாது

அனுப்புநர்:
க. கொளஞ்சியப்பன்,
புளி மொத்த வியாபாரம்,
மண்டித் தெரு,
கள்ளக்குறிச்சி.

பெறுநர்:
உயர்திரு வருவாய்க் கோட்டாட்சியர் அவர்கள்,
கள்ளக்குறிச்சி.

பொருள்: கச்சிராயபாளையத்துக்கு அப்பால் மலையடிவாரத்தில் உள்ள நடுக்கரட்டு ஏரியில், தனியார் தீவு பீச்சுக்கு ஆட்களை ஏற்றிச் செல்லும் படகு – வரும் 17.01.2023 காணும் பொங்கலுக்கு முன்பாக நிறுத்தி வைக்கக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய அய்யா அவர்களுக்கு, வணக்கம்.

1. நான் கல்வராயன் மலையிலிருந்து சைக்கிளில் புளி கட்டி இறக்கித் தொழிலுக்கு வந்தவன். இன்று சொந்தமாக மண்டி வைத்திருக்கிறேன். எட்டாவதுக்கு மேல் படிப்பில்லை, மனு எழுதியும் பழக்கமில்லை. ஆகவே சுற்றி வளைக்காமல் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எனக்குப் பயமாக இருக்கிறது. யாரோ மிரட்டியதால் வந்த பயம் அல்ல. ஒரு படகைக் கண்டு வந்த பயம்.

2. நடுக்கரட்டு ஏரியின் கரையில் நிற்கும் புளியமரங்களை நான் பல வருடமாகக் குத்தகைக்கு எடுத்து வருகிறேன். அதனால் அந்த ஏரியை வற்றிய காலத்திலும் எனக்குத் தெரியும். சித்திரையில் போனால் உள்ளே செங்கல் சூளைக்கு மண் அள்ளிய குழிகளைப் பார்க்கலாம். ஒரு லாரியை இறக்கினால் மேல் தகடு தெரியாது, அத்தனை ஆழம். குழிகளுக்கு நடுவே பட்டுப்போன மொட்டைப் பனைகள் நிற்கும். மழைக்குப் பிறகு இவை எல்லாம் தண்ணீருக்குள் போய்விடும். மேலே கண்ணாடி மாதிரி இருக்கும்.

ஏரியின் நடுவில் உள்ள கரடு தங்கதுரை என்பவரின் பட்டா நிலம். ஏரி நிரம்பினால் அது தீவாகிவிடும். முன்பு ஆடு மேய்க்கக்கூட யாரும் போகாத அந்த இடத்தில் அவர் போன கோடையில் லோடு லோடாக மணல் கொட்டி, ஓலைக் குடை நட்டு, ஊஞ்சல் கட்டி, ‘நீலமுத்து தீவு பீச்’ என்று பெயர் வைத்துவிட்டார். காலையில் ஏற்றிப்போய் மத்தியானம் மீன் சோறு போட்டு மாலையில் கொண்டுவந்து விடுவதாக ஏற்பாடு. நம் பக்கத்து ஜனம் கடற்கரைக்குப் போக வேண்டுமென்றால் உளுந்தூர்பேட்டை தாண்டி அரை நாள் பஸ்ஸில் போக வேண்டும். அதனால் கூட்டம் வருகிறது. கூட்டம் வருவதைக் குற்றம் சொல்ல நான் இந்த மனுவை எழுதவில்லை. வியாபாரத்தைப் பொறுத்தவரை அவர் கெட்டிக்காரர் என்றே சொல்வேன்.

3. என் மண்டியில் புளி தட்டிக் கொட்டை எடுக்கும் பெண்களும் மூட்டை தூக்கும் ஆட்களும் பெரும்பாலும் வெள்ளிமலைப் பக்கத்து மலை ஜனங்கள். வருடத்துக்கு ஒருமுறை அவர்களை எங்காவது அழைத்துப் போவது என் வழக்கம். இந்த முறை எங்கே போகலாம் என்று கேட்டபோது கொட்டை எடுக்கும் சாலம்மாள்தான், “பீச்சுன்னு ஒண்ணு நம்மூருக்கே வந்துகிதாமே மொதலாளி, அத்தப் பாத்துட்டு வந்துடலாம்” என்றாள். 01.01.2023 ஞாயிறன்று எல்லோருமாகப் போனோம்.

4. கரையில் வைத்து எல்லோருக்கும் ஆரஞ்சு நிறத்தில் மிதவைச் சட்டை கொடுத்தார்கள். நல்ல ஏற்பாடு என்று நினைத்தேன். வரிசையாக நிற்க வைத்து, படகுக்கு முன்னால் போட்டோ எடுத்தார்கள். போட்டோ முடிந்ததும் சட்டைகளைக் கழற்றி வாங்கிக்கொண்டார்கள். ஏன் என்று கேட்டேன். படகு ஓட்டும் வீரமுத்து, “அடுத்த பேட்ச் போட்டோவுக்கு நிக்குதுங்க. தண்ணில நனைஞ்சா காய ரெண்டு நாளு ஆவும்” என்றார். அந்த இடத்திலேயே நான் எல்லோரையும் திருப்பி அழைத்திருக்க வேண்டும். சாப்பாட்டுக்குச் சொல்லியாகிவிட்டது, பெண்கள் புதுப்புடவை கட்டி வந்திருக்கிறார்கள். ஏறிவிட்டோம்.

லாரியில் பாரம் ஏற்றுபவனுக்குக் கண் பார்த்தாலே தெரியும், வண்டி தாங்குமா தாங்காதா என்று. எல்லோரும் உட்கார்ந்தபோது படகின் விளிம்புக்கும் தண்ணீருக்கும் நடுவில் ஒரு சாண்கூட இல்லை. போகும்போது காற்று இல்லாததால் பிழைத்தோம்.

5. தீவில் எந்தக் குறையும் இல்லை. மணலில் எல்லோரும் உட்கார்ந்தார்கள். மூட்டை தூக்கும் சடையன் ஊஞ்சலை விட்டு இறங்கவில்லை. மீனும் நன்றாகவே இருந்தது. இதை ஏன் எழுதுகிறேன் என்றால், விசாரணைக்கு வரும் அதிகாரி தீவை மட்டும் பார்த்தால் அவருக்கும் பிடித்துப்போகும். தயவுசெய்து படகைப் பார்க்க வேண்டும்.

6. திரும்பும்போது நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

மாலையில் காற்று எடுத்தது. பாதி வழியில் படகின் அடியில் ஏதோ கரகரவென்று உரசியது. மொட்டைப் பனை என்று எனக்கு உடனே தெரிந்துவிட்டது. படகு ஒருபக்கம் சாய்ந்தது. சாய்ந்த பக்கம், மலை தெரிகிற மேற்குப் பக்கம்.

வெள்ளிமலை ஜீப்பில் போயிருந்தால் அய்யா அவர்களுக்குத் தெரிந்திருக்கும். வளைவில் வண்டி பள்ளத்துப் பக்கம் இழுத்தால் டிரைவர் “மலைப்பக்கம்” என்று ஒரு சத்தம் கொடுப்பார். உள்ளே உட்கார்ந்திருப்பவர், பின்னால் தொங்கிக்கொண்டு வருபவர், எல்லோரும் மலையை ஒட்டிச் சாய்ந்துவிடுவோம். யோசித்துச் செய்வது அல்ல. தூசி விழுந்தால் கண் மூடிக்கொள்வது மாதிரி. மலை ஜனம் பிறந்ததிலிருந்து அந்த ஜீப்பில்தான் வந்து போகிறார்கள்.

படகு ஆடியதும் சடையன், “மலைப்பக்கம், மலைப்பக்கம் சாயுங்க” என்று கத்திவிட்டார். அவர் நல்லதை நினைத்துத்தான் கத்தினார். அத்தனை பேரும் ஒரே நொடியில் மலையைப் பார்த்துச் சாய்ந்தார்கள். நானும் சாய்ந்தேன். படகு ஏற்கெனவே அந்தப் பக்கம்தான் சாய்ந்திருந்தது. தண்ணீர் விளிம்பைத் தாண்டி மடியில் வந்து விழுந்தது. சாலம்மாள் ஓரத்தில் இருந்தாள். அவள் விழுந்த சத்தம்கூட எனக்குக் கேட்கவில்லை. அவள் இருந்த இடத்தில் ஆள் இல்லை, அவ்வளவுதான்.

சடையன் படுத்துக் கையை விட்டுத் துழாவி அவள் கொண்டையைப் பிடித்துவிட்டார். மேலே இழுத்துப் போட்டபோது அவள் கண் திறந்திருந்தது, ஆனால் எங்களைப் பார்க்கவில்லை. வாய் வழியாகத் தண்ணீர் வந்த பிறகுதான் மூச்சு வந்தது. நான் பெண்களை எல்லாம் நடுவில் தரையோடு உட்காரச் சொல்லி, மூட்டை அடுக்குவது போல நெருக்கி வைத்தேன். வீரமுத்து எத்தனை முறை இழுத்தும் இஞ்சின் எடுக்கவில்லை. காற்றே எங்களைத் தள்ளிக்கொண்டு போய்க் கரையோரக் கோரைப் புல்லுக்குள் விட்டது. யாரும் அழவில்லை. இறங்கிக் கரை ஏறினோம்.

7. சாலம்மாள் உயிரோடு இருக்கிறாள். வேலைக்கு இறங்கி வரவில்லை. நான் மலைக்குப் போய்ப் பார்த்தேன். தலையில் தண்ணீர் ஊற்றிக் குளிக்கப் பயந்து துணியை நனைத்துத் துடைத்துக்கொள்கிறாள் என்று அவளுடைய அக்கா செல்லியம்மாள் சொன்னாள். என் நிலைமையும் பெரிய வித்தியாசம் இல்லை. செம்பைத் தூக்கித் தண்ணீர் குடிக்கும்போது என்னால் கண்ணை மூட முடியவில்லை.

8. மறுநாளே தங்கதுரையைப் பார்த்து, இந்தப் படகுக்கு அனுமதி உண்டா என்று கேட்டேன். “தீவு என் பட்டாண்ணே. எங்க வூட்டுக்கு நான் படகுல போறேன், கூட நாலு பேரை இட்டுக்கினு போறேன். இதுக்கு எவங்கிட்ட லைசென்சு கேக்கணும்?” என்றார். சாலம்மாள் விழுந்ததைச் சொன்னேன். “யாரும் சாவலியேண்ணே” என்றார். மரியாதைக் குறைவாக அவர் ஒரு வார்த்தை பேசவில்லை, டீ வாங்கிக் கொடுத்துத்தான் அனுப்பினார். அந்த டீயைக் குடிக்கும்போதுதான் எனக்கு நிஜமான பயம் வந்தது. நடந்தது என்னவென்று தெரிந்தும் ஒரு மனிதரால் அப்படி இருக்க முடியும் என்றால், அந்தப் படகு தானாக நிற்கப் போவதில்லை.

9. இதற்குப் பிறகு நடந்ததுதான் என்னைத் தங்கள் அலுவலகத்துக்கு வர வைத்தது. கள்ளக்குறிச்சி பஸ் நிலையத்துக்கு எதிரில் ஆள் உயரத்துக்கு ஒரு பேனர் வைத்திருக்கிறார்கள். அதில் இருப்பது எங்கள் போட்டோ. எல்லோரும் மிதவைச் சட்டை போட்டுச் சிரித்துக்கொண்டு நிற்கிறோம். நடுவில் நான். ‘கள்ளக்குறிச்சி புளி மண்டி முதலாளி குடும்பமாகக் கொண்டாடிய இடம். காணும் பொங்கலுக்கு நீங்களும் வாருங்கள்’ என்று கீழே போட்டிருக்கிறார்கள். கழற்றச் சொன்னதற்குத் தங்கதுரை, “உங்க மூஞ்சிக்கு ஒரு மதிப்பு இருக்குதுண்ணே. நீங்க போன எடம்னாதான் ஜனம் நம்பி வருது” என்றார். நான் ஆள் வைத்துக் கிழித்தேன். மறுநாள் அதே இடத்தில் புதிதாக இரண்டு நின்றன.

இத்தனை வருடம் தராசில் கை வைக்காமல் சம்பாதித்த பெயர் அது. மண்டிக்கு வருபவர்கள், “நீங்களே போய்க்கினு வந்துட்டீங்க, இனிமே இன்னா பயம்” என்று சொல்லிவிட்டு இடம் பிடிக்கப் போகிறார்கள். நடந்ததைச் சொன்னால், கூட்டம் சேர்ந்துவிடக் கூடாதென்று நான் கதை கட்டுவதாகச் சிரிக்கிறார்கள். போட்டோவில் சிரித்துக்கொண்டு நிற்கிறேனே, யார் நம்புவார்கள்?

10. அப்படி நம்பாதவர்களில் என் மனைவி தைலம்மாளும் ஒருத்தி. எங்கள் தெருப் பெண்களும் அவர்கள் பிள்ளைகளுமாகச் சேர்ந்து காணும் பொங்கலுக்கு முழுப் படகையும் பேசி முடித்துவிட்டார்கள். சேர்த்ததே இவள்தான். போக வேண்டாம் என்றதற்கு அவள் சொன்ன பதிலை அப்படியே எழுதுகிறேன். வெட்கம்தான், ஆனால் தங்களுக்கு என் நிலைமை புரிய வேண்டும்.

“மண்டிப் பொம்பளைங்களைத் தீவுக்கு இட்டுக்கினு போய்ப் போட்டோ புடிச்சு ஊரெல்லாம் மாட்டுவீங்களாம். கட்டினவ கேட்டா மட்டும் தண்ணி ஆழம் ஜாஸ்தியா பூடுமா?”

அவள் கேட்டதிலும் நியாயம் இருக்கிறது. கல்யாணமான நாளிலிருந்து தொழில், தொழில் என்று அவளை எங்குமே நான் அழைத்துப் போனதில்லை. காசுக்குக் கணக்குப் பார்க்கிறேன் என்று நினைக்கிறாள். சாலம்மாளைக் கூட்டிவந்து சொல்ல வைக்கலாம் என்று பார்த்தேன். அவள் மலையை விட்டு இறங்க மறுக்கிறாள். சடையன் வந்து சொன்னார். “அவரு உங்க ஆளு, நீங்க சொல்லிக் குடுத்ததைத்தான் பேசுவாரு” என்று தைலம்மாள் அவருக்குச் சோறு போட்டு அனுப்பிவிட்டாள். புதுப்புடவைக்கு ஜாக்கெட் தைக்கக் கொடுத்தாகிவிட்டது. வீட்டில் தினமும் அந்தப் பேச்சுதான். பிள்ளைகள் மணலில் வீடு கட்ட டப்பா எடுத்து வைத்திருக்கிறார்கள்.

மலை ஜனம் செய்த தவறை எங்கள் தெரு ஜனம் செய்ய மாட்டார்கள். அவர்கள் வேறு ஒன்றைச் செய்வார்கள். எழுந்து நின்று செல்போனில் படம் எடுப்பார்கள். பிள்ளைகள் மீனைப் பார்க்க ஒரே பக்கம் ஓடுவார்கள். பனை அதே இடத்தில்தான் நிற்கிறது.

11. ஆகவே அய்யா அவர்களைப் பணிந்து கேட்டுக்கொள்வது:

அந்தப் படகை யாராவது தெரிந்த ஆளை வைத்துச் சோதிக்க வேண்டும். அதுவரை ஓட்டக் கூடாது என்று எழுத்தில் உத்தரவு வேண்டும். ஏரிக்குள் இருக்கும் குழிகளுக்கும் பனைகளுக்கும் அடையாளம் வைக்க வேண்டும். ஏறுகிற ஒவ்வொருவரும் மிதவைச் சட்டையைக் கரை திரும்பும்வரை போட்டிருக்க வேண்டும். என் முகம் உள்ள பேனர்களை எடுக்கச் சொல்ல வேண்டும்.

இவ்வளவுக்கும் நாள் போதாது என்றால், பரவாயில்லை, மற்றதெல்லாம் பிறகு ஆகட்டும். 17ஆம் தேதி காலையில் படகுத்துறையில் ஒரே ஒரு அரசாங்க ஆளை நிறுத்தி வைத்தால் போதும். அவர் ஒன்றும் பேசக்கூட வேண்டாம். சீருடையைப் பார்த்தால் தங்கதுரை அன்றைக்கு மட்டுமாவது படகை அவிழ்க்க மாட்டார். என் பேச்சுக்கு அடங்காத எங்கள் தெருப் பெண்கள் அந்தச் சீருடைக்கு அடங்கித் திரும்பி வருவார்கள். அதற்காக வீட்டில் எனக்குக் கிடைக்கப்போகும் ஏச்சை நான் சந்தோஷமாக வாங்கிக்கொள்கிறேன்.

அதுவும் முடியாமல் போனால் தங்களுக்கு ஒன்று மட்டும் தெரிவித்துவிடுகிறேன். அன்று அந்தப் படகில் நானும் ஏறுவேன். எனக்கு நீச்சல் தெரியாது. ஏறி என்ன செய்வேன் என்றும் தெரியாது. அவளை ஏற்றிவிட்டுக் கரையில் நின்று பார்த்துக்கொண்டிருக்க என்னால் முடியாது, அதனால் ஏறுவேன். தயவுசெய்து என்னை ஏற விடாதீர்கள்.

இடம்: கள்ளக்குறிச்சி
நாள்: 09.01.2023

இப்படிக்கு,
தங்கள் உத்தரவை எதிர்பார்த்து நிற்கும்,
(ஒப்பம்)
க. கொளஞ்சியப்பன்

இணைப்பு: பஸ் நிலைய பேனரின் போட்டோ ஒன்று.