தொட்டியின் அடிப்பக்கம்

அன்புள்ள மகனுக்கு,

யார் கையும் படாத வண்டி என்று பொய் சொல்லி நீ அந்தப் பழைய பிக்கப்பை விற்றிருக்கிறாய். மற்றபடி இங்கே நாங்கள் மூன்று பேரும் சுகம், நீயும் நேரத்துக்குச் சாப்பிட்டுத் தூங்கி நன்றாக இருக்கிறாய் என்றே நினைத்துக்கொள்கிறேன். அப்பாவுக்கு முட்டி வலி முன்னைக்குப் பரவாயில்லை, ஆனால் வண்டிக்கு அடியில் படுத்தால் எழுப்பிவிட ஆள் வேண்டும், எழுப்பிவிட்டால் யாரைக் கேட்டு என்னைத் தூக்கினீங்க என்று கோபம் வேறு. தங்கச்சிக்கு மணிக்கட்டில் தீப்பொறி பட்ட இடம் ஆறிவிட்டது. பட்டறைக் கூரை ஒழுகுகிறது, ஊர் வண்டிக்கெல்லாம் தகடு அடிக்கிறோம், நம் தலைக்கு மேலே ஒரு தகடு மாற்ற நேரமில்லை. போனில் சொல்லலாம் என்றால் எடுத்ததுமே கஸ்டமர் இருக்காங்கம்மா, அப்புறம் கூப்பிடறேன் என்கிறாய், அந்த அப்புறம் இன்னும் வரவில்லை. அதனால் எழுதுகிறேன். கடிதத்துக்கு அவசரமில்லை, உன் கஸ்டமர் போகும்வரை மேசையில் கிடக்கும்.

நீ அனுப்பிய படங்களைப் பார்த்தோம். வண்டி நீ வேலை பார்க்கும் ஷோரூமில் விளக்கு வெளிச்சத்தில் கல்யாணப் பெண் மாதிரி நிற்கிறது, பெயின்ட்டும் நல்ல வேலை. அப்பா அதைப் பக்கத்துக் கடைத் தையல்காரியிடம் கொண்டுபோய்க் காட்டினார். வண்டியின் பின்னால் சாமான் ஏற்றும் தொட்டியைக் குட்டையாக்கித் தரச் சொல்லி நீ அனுப்பி, நாங்கள் இங்கே வெட்டியபோது, வண்டிக்கே அளவெடுத்து ஆல்டர் பண்றீங்க, அப்ப நான் எதுக்கு இங்கே கடை வச்சிருக்கேன் என்று தினமும் வம்பிழுத்தவள் அவள்தானே. படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, எங்கண்ணே தையல், ஒண்ணுமே தெரியலையே என்றாள். அப்பா அன்று முழுக்கத் தரையில் நடக்கவில்லை. நான் கடைசிப் படத்தைப் பெரிதாக்கினேன், லிஃப்டில் தூக்கி வைத்து அடியிலிருந்து எடுத்திருக்கிறாயே, அது. தொட்டியின் அடிப்பக்கத்தில் நாங்கள் விட்டு வைத்த வெல்டிங் தழும்பு ஒன்றைக்கூடக் காணோம். வழவழவென்று இருக்கிறது.

உனக்குத் தெரியாததில்லை, இந்தப் பட்டறையில் வளர்ந்தவன்தான், ஆனால் மறந்தவன் மாதிரி நடந்திருக்கிறாய், அதனால் எழுதி வைக்கிறேன். நீளத் தொட்டியைக் குட்டையாக்க வால் பக்கம் ஒரே துண்டாக வெட்டி எறிந்தால் சக்கரம் ஓரிடத்திலும் அதன் மேல் வளைவு வேறிடத்திலும் நிற்கும். அதனால்தான் அப்பா வளைவுக்கு முன்னால் ஒரு பட்டை, பின்னால் ஒரு பட்டை என்று வெட்டி எடுத்தார், பக்கத் தகட்டின் மடிப்புக்கோடும் தரையின் நெளிவுகளும் நேருக்கு நேர் வந்து சேரும்வரை அளந்து அளந்து என் உயிரை வாங்கினார். தங்கச்சி பற்றவைத்தாள். மெல்லிய தகடு, ஒரே மூச்சில் இழுத்தால் சூட்டில் அப்பளமாக நெளிந்துவிடும் என்று இங்கே ஒரு பொட்டு, ஒரு முழம் தள்ளி ஒரு பொட்டு, நான் ஈரத் துணியும் சுத்தியலுமாகப் பின்னாலேயே போனேன். மேல்பக்கத்தை கிரைண்டரால் தேய்த்துச் சமமாக்கினோம், பெயின்ட் அடிக்க வேண்டுமே. அடிப்பக்கத்தை மட்டும் தொடுவதில்லை, அது நம் பட்டறை வழக்கம். மேலே தேய்த்ததில் போன பலத்தை அடியில் இருக்கும் தழும்புதான் தாங்குகிறது, நாளைக்கு வேறொருவன் அதில் கை வைத்தாலும் எங்கே வெட்டியிருக்கிறது என்று அவனுக்குத் தெரியும். அதையும் தேய்த்து, கறுப்பு அடித்து, கீழே ஒரு போர்டு வேறு வைத்திருக்கிறாய், கம்பெனியிலிருந்து வந்தபடியே, யார் கையும் படாதது என்று.

வாங்குகிறவர் பல் டாக்டர் என்று நீயேதான் மெசேஜ் போட்டாய். லீவு நாளில் பெரிய பைக்கைத் தொட்டியில் ஏற்றி, இரண்டு பிள்ளைகளையும் அந்த பைக்குப் பக்கத்திலேயே உட்கார வைத்து ஊர் சுற்றப் போகிறாராம், அடுத்த வெள்ளிக்கிழமை சாவி கொடுக்கிறாயாம், சந்தோஷமாக எழுதியிருந்தாய். படித்ததும் நேரே பட்டறைக்குப் போனேன். வெட்டியெடுத்த பட்டை இங்கே மூலையில்தான் கிடந்தது. அதிலிருந்து நான்கு துண்டு நறுக்கி, இரண்டிரண்டாக தங்கச்சியைப் பற்றவைக்கச் சொன்னேன். ஒன்றை மேலே மட்டும் தேய்த்தோம், மற்றதை உன் ஆட்கள் செய்த மாதிரி இரண்டு பக்கமும். வைஸ் இடுக்கியில் மாட்டி வளைத்தபோது முதலாவது மடங்கியது, விடவில்லை. இரண்டாவது பிஸ்கட் மாதிரி ஒட்டின இடத்திலேயே பட்டென்று விட்டுப்போயிற்று. இரண்டையும் இந்தக் கவரில் வைத்திருக்கிறேன், ஓரத்தை அரம் போட்டுத்தான் வைத்திருக்கிறேன், உன் கை கிழியாது.

அப்பாவிடம் சொன்னபோது, விடு, பையன் பிழைக்கத் தெரிஞ்சவன் என்றார். வைஸில் மாட்டியிருந்த பாதித் துண்டைக் காட்டினேன், அன்று கடையைச் சீக்கிரம் சாத்தினார். தங்கச்சிதான் வேறு மாதிரி கேட்டாள். அண்ணன் ஒரு வார்த்தை சொல்லியிருந்தா பலம் போகாம மறைச்சே குடுத்திருப்பேனே, என்னை எதுக்கும்மா கேக்கல என்றாள். கேட்டால் அவளும் இருக்கிறாள் என்று ஆகிவிடும், உன் போர்டில் அதற்கு இடமில்லை. இந்தப் பெரிய மனிதர்களை எனக்கும் தெரியும். பழைய பொருளுக்குக் கொட்டிக் கொடுப்பார்கள், ஆனால் நம்மைப் போன்றவர்கள் அதைத் தட்டி நிமிர்த்தினோம் என்று தெரிந்தால் முகம் சுளிப்பார்கள். வேலை வேண்டும், வேலை செய்த கை வேண்டாம். அவர்கள் அப்படித்தான். நீ இந்தக் கையால் வளர்ந்தவன், உன் முதல் பள்ளிக்கூடப் பெட்டிகூட உன் அப்பா மிச்சத் தகட்டில் மடித்துக் கொடுத்தது, நீயும் அவர்களோடு சேர்ந்துகொண்டு எங்களைத் தேய்த்து அழித்தால் நான் யாரிடம் போய்ச் சண்டை போடுவது. அந்தச் சண்டையைக்கூட நீ வரும்போது வைத்துக்கொள்கிறேன். முதலில் அந்தப் பிள்ளைகள் அந்தத் தொட்டித் தரைமேல் ஏறக் கூடாது.

உன்னைத் திட்டுவதற்காக எழுதவில்லை என்று சொல்ல மாட்டேன், திட்டத்தான் எழுதினேன், ஆனால் அது பாதிதான். வேலை போய்விடும் என்று பயந்திருப்பாய், முதலாளி நெருக்கியிருப்பார், அது எனக்குப் புரிகிறது. போனால் போகட்டும், இங்கே உனக்கு ஒரு சுத்தியல் இருக்கிறது, சோறும் இருக்கிறது. குளிரில் சாக்ஸ் போடாமல் நடக்காதே. வெறும் வயிற்றில் காபியை ஊற்றிக்கொண்டு வேலைக்கு ஓடாதே. எந்தக் குறையும் இல்லாமல் நீ நீண்ட காலம் நன்றாக இருக்க வேண்டும், மனசாட்சி உறுத்தாமல் தூங்க வேண்டும், அம்மாவின் ஆசீர்வாதம் எப்போதும் உனக்கு உண்டு.

இப்போது செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். வெள்ளிக்கிழமைக்கு முன்னாலேயே டாக்டரிடம் நேரில் போ. இது நீளத் தொட்டி, வெட்டிக் குட்டையாக்கினது, வெட்டியது என் அப்பா, பற்றவைத்தது என் தங்கச்சி, தட்டியது என் அம்மா, அடியைத் தேய்த்துக் கெடுத்தது எங்கள் ஷோரூம் என்று சொல். பிறகு போல்ட்டைக் கழற்றித் தொட்டியை மட்டும் லாரியில் அனுப்பு. தங்கச்சி இரண்டு தையலுக்கும் அடியில் புதுப் பட்டை வைத்துத் தருகிறாள், அதற்கான தகடும் நறுக்கியாகிவிட்டது.

இப்படிக்கு,
உன் அம்மா

பி.கு. நேற்றும் மூன்று முறை அடித்தேன், நீ எடுக்கவில்லை. இதைப் படித்துவிட்டு நீயே கூப்பிடு, டாக்டரிடம் சொல்லிவிட்டாயா, தொட்டி என்றைக்கு வருகிறது, இந்த இரண்டை மட்டும் சொல்.