ஏழாவது தொப்பி

அன்பு மகளுக்கு,

நான் நலம் என்று எழுதினால் முழங்கால் சண்டைக்கு வரும், ஆகவே முழங்கால் நீங்கலாக நலம். நீயும் மாப்பிள்ளையும் பிள்ளைகள் இருவரும் சுகமாயிருக்க வேண்டுகிறேன். ஹீட்டரை ஒருவழியாகச் சரிசெய்தாயிற்று, வந்தவன் ஈர ஷூவோடு கூடம் முழுக்க நடந்தான், துடைத்துவிட்டுப் போ என்றேன், துடைத்தான். உன் போன கடிதத்தில் தேதி இல்லை. இந்த வயதிலும் நான் சொல்லவேண்டியிருக்கிறது.

வியாழக்கிழமைதோறும் தெருமுனை நூலகத்துக்குப் போகிறேன். நூலகர் பெண் சின்னப் பிள்ளைகளை வைத்துக் குளிர்காலத்தைப் பற்றி ஒரு எண் புத்தகம் செய்கிறாள், கத்தரிக்கோலும் பசையும் என் பொறுப்பு. ஒரு பனிமனிதன், இரண்டு கையுறை, கட்டைவிரலை மையில் தோய்த்து ஐந்து குருவி, இப்படிப் போகிறது. பசை வழிந்தால் மறுபடி ஒட்டச் சொல்வேன், என்னைக் கண்டால் பிள்ளைகளுக்குக் கொஞ்சம் பயம்தான். முன்பல் விழுந்த ஒருத்திக்கு மட்டும் அதுவும் கிடையாது, அவளை எல்லோரும் ஓட்டைப்பல் என்பார்கள். ஏழாம் பக்கத்துக்குப் பனியில் விளையாடும் ஏழு குழந்தைகள். அவள் ஆறு குழந்தைகளை ஒட்டி, பக்கத்தில் ஒரு பனிமனிதனை நிறுத்தி, அதற்கும் சிவப்புக் கம்பளியில் தொப்பி வைத்திருந்தாள். ஒன்று குறைகிறதே என்றேன். ஒவ்வொரு தொப்பியாக விரல் வைத்துக் காட்டி, "ஏழு இருக்குல்ல பாட்டி, நல்லா எண்ணிப் பாருங்க" என்றாள். எண்ணினேன். ஏழு இருந்தது. பசைக் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன், அந்தப் பக்கமும் என் கையோடு வந்துவிட்டது.

நீங்கள் இருவரும் சின்னப் பிள்ளைகளாக இருந்த அந்தக் குளிர்காலத்தில், அன்று சமையலறைச் சன்னலிலிருந்து நானும் தொப்பிகளைத்தான் எண்ணினேன். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் ஐவர், நீ, தம்பி. பனி கொட்டிக்கொண்டிருந்தது, முகம் தெரியவில்லை. அவனுடைய தொப்பி நீங்கள் செய்த பனிமனிதன் தலையில் இருந்தது எனக்குத் தெரியாது. நீ உள்ளே ஓடிவந்து "அம்மா, தம்பியக் காணோம்மா" என்றாய். உனக்கு எட்டு வயது. "இப்பதான் எண்ணினேன், ஏழு பேரும் இருக்கீங்க, தரையெல்லாம் ஈரம் பண்ணாத" என்று உன்னை வெளியே அனுப்பினேன். கன்னியர் மடத்துப் பள்ளியில் ஐந்து வருடமும் கணக்கில் முதல் பரிசு வாங்கியவள், என் எண்ணிக்கை தப்புமா. அரைமணி நேரம் கழித்துத்தான் பின்பக்கக் கால்வாயில் பனிக்கட்டி உடைந்திருந்ததைப் பார்த்தோம்.

அப்பா கேட்டபோது, அவள் என்னிடம் ஒன்றுமே சொல்லவில்லை என்றேன். நீ கதவோரம் நின்றாய். என்னைப் பார்த்தாய். அதற்குப் பிறகு எந்தக் குழந்தையையும் அப்பா உன் பொறுப்பில் விட்டதில்லை, உன் மூத்தவன் பிறந்தபோதுகூட அவனை உன்னோடு தனியே விட்டுவிட்டுக் கடைக்குப் போக மனமில்லாமல் நின்றார். அப்பாவுக்குப் பேரன் மேல் உயிர் என்று நீ சிரித்தாய். அவர் படுத்திருந்த இரண்டு வருடத்தில் ஒரு நாள் சொல்லியிருக்கலாம். மரியாதை போய்விடும் என்று இருந்துவிட்டேன்.

நாற்பத்தொரு குளிர்காலமாக அதே சன்னலில் நின்று தெருவில் விளையாடும் பிள்ளைகளை எண்ணுகிறேன். ஒவ்வொரு முறையும் ஒன்று கூடுகிறது. திரும்ப எண்ணினாலும் கூடுகிறது. பூங்காவில் என் இரண்டு பிள்ளைகளையும் எண்ணிக்கொண்டே இருக்கிறேன் அம்மா, என்னவோ நிறுத்த முடியவில்லை என்று நீ எழுதியிருந்தாய். இரண்டை எண்ண எத்தனை தடவை வேண்டும் என்று கேலியாகப் பதில் போட்டவளும் நான்தான்.

இறைவன் உங்களைக் காப்பாராக. பிள்ளைகளுக்கு என் முத்தங்கள். காதை மூடித் தொப்பி போட்டுவிடு. இந்தக் கடிதத்தை மாப்பிள்ளைக்கு வாய்விட்டுப் படித்துக் காட்டு, ஒரு வரியும் விடாதே. நீ சொன்னாய் மகளே. அன்றே, நேரத்தோடு சொன்னாய்.

இப்படிக்கு,
அதைக் காதால் கேட்ட
உன் அம்மா