பதினாலாம் நம்பர் வீட்டுச் சிமெண்ட்

16, ஆல்டர் தெரு, லீட்ஸ்
மே 3

மிஸ்டர் ஹார்டக்கர்,

நீங்க நல்லா இருப்பீங்கன்னு நம்பறேன். உங்க செவுரு நல்லா இல்லை. கதவைத் தட்டினா திறக்க மாட்டேங்கறீங்க, அதான் லெட்டரா உள்ள தள்ளறேன்.

நம்ம வரிசை வீடுங்க விக்டோரியா ராணி காலத்துது. செங்கல் நனையும், நடுவுல இருக்கற சுண்ணாம்பு வழியா காஞ்சுடும். நூத்திநாப்பது வருஷம் இப்படித்தான் நின்னுது! உங்க முகப்புல மட்டும் இடுக்கு பூரா சிமெண்ட்! எந்த மடையன் அடைச்சான்? உள்ள மாட்டின தண்ணி எங்கம்மா கட்டில் பக்கத்துச் செவுருக்கு வருது. செங்கல் பிஸ்கட் மாதிரி உதிருது.

உங்க செவுரை போட்டோ எடுத்து நெட்ல போட்டுட்டேன். நாலாயிரம் பேர் காறித் துப்பறாங்க. சிமெண்ட்டை எடுங்க.

கொதிச்சுப்போன,
டில்லி


14, ஆல்டர் தெரு
மே 5

ஏம்மா டில்லி,

என் வீட்டை ஊருக்கே காட்டினியா? மீன் வறுக்கற கடைக்காரன் கேக்கறான், "என்ன பெருசு, உன் வீடு பெரிய ஸ்டாராமே!"

எந்த மடையன்னு கேட்டியே. உங்கப்பன் கீத் தான். நான் இடுக்கை அடைக்கப் போய் ஏணியிலேந்து விழுந்து கால் ஒடிஞ்சு கிடந்தேன். "நீ படுடா, நான் பாத்துக்கறேன்"னு ரெண்டு ஞாயித்துக்கிழமை ஏறி அடைச்சான். அடுத்தது உங்க வீடுன்னான். அதுக்குள்ள போய்ச் சேந்துட்டான்.

ரெண்டே குளிர்காலத்துல தெரிஞ்சுபோச்சு, தப்புன்னு. ஏன் எடுக்கலைன்னா, என் மாடி ஜன்னலுக்குக் கீழ மூணாவது வரிசையைப் பாரு. ஈரச் சிமெண்ட்ல ஆணியால எழுதியிருக்கான்.

இனிமே எனக்கு எழுதாதே.

ஹார்டக்கர்


மே 6

ஹார்டக்கர் மாமா,

எழுதாதேன்னீங்க, எழுதறேன். நெட்லேந்து போட்டோவை அழிச்சுட்டேன். மன்னிச்சுடுங்க.

பாத்தேன். "டில்லி பொறந்துட்டா." அம்மாவும் வெளிய வந்து படிச்சாங்க. அப்புறம், "அந்தாளுக்கு ஒரு வேலை உருப்படியா வராது"ன்னு அழுதாங்க.

கோவம் போயிடுச்சுன்னு நினைக்காதீங்க! அப்பா மேல கோவம். உங்க மேல அதைவிட. பத்தொம்பது வருஷம், என் வயசு பூரா, அந்த ஈரத்துல இருமிக்கிட்டு, ஒரு வார்த்தை சொல்லலியே! நடுச்செவுரு வழியா எல்லாம் கேக்குது எனக்கு.

எழுதின இடத்துலதான் செங்கல் ரொம்பக் கெட்டுப்போயிருக்கு. அதையும் எடுத்தாகணும். நானே எடுக்கறேன்.

சனிக்கிழமை காலைல உளி, சுத்தியல், ஒரு வாளி சுண்ணாம்போட வரேன். முதல்ல உங்க பக்கம். நீங்க ஏணியைப் பிடிச்சா போதும், ஏறக் கூடாது.

கதவைத் திறங்க.

கீத் பொண்ணு,
டில்லி