வரிசையில் என் குடம்

ஓசூர்
20.11.1988

அன்பு மகன் முனிவேலுக்கு அம்மா ஆசீர்வதித்து எழுதுவது. நான் சுகம், குளிருக்கு முழங்கால் வலி மட்டும் கொஞ்சம் அதிகம். பிலாயில் நீயும் ராஜாத்தியும் பாப்பாவும் நலமாயிருக்க மாரியம்மன் துணை. பொங்கல் முடிந்ததும் உன்னோடு வந்துவிடச் சொல்லி எழுதியிருந்தாய், அதற்குத்தான் இந்தப் பதில், கோபப்படாமல் முழுசும் படி.

போன வாரம் பெங்களூரிலிருந்து காலேஜ் பெண் ஒருத்தி நம் லைன் வீடுகளுக்கு வந்தாள். கம்பெனி வேலைக்கென்று பல ஊரிலிருந்து வந்து குடியிருப்பவர்களுக்குள் எவ்வளவு ஒட்டுதல் என்று அளக்கிறாளாம். ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு எண் சொல்ல வேண்டும், இல்லவே இல்லை என்றால் ஒன்று, ரொம்ப என்றால் ஐந்து. இதை அளக்கப் படி உழக்கா இருக்கிறது என்று எனக்குச் சிரிப்பு. தனித்தனியாகப் பேச வேண்டும் என்றாள், நம் லைனில் அது நடக்கிற காரியமா, எல்லோரும் குழாயடியிலேயே சூழ்ந்துகொண்டார்கள். பக்கத்து வீட்டு நஞ்சம்மா எதைக் கேட்டாலும் கன்னடத்தில் ஐது, ஐது என்று ஐந்தாகவே சொன்னாள். என்னிடம் அந்தப் பெண், இன்னும் பல வருஷம் இங்கேயே இருப்பீர்களா என்று கேட்டாள். உன் கடிதம் மனசில் இருந்ததால் ஒன்று என்று சொல்லிவிட்டேன்.

மறுநாள் காலை குழாயடியில் என் குடத்தைக் காணோம். உன் அப்பா போனதிலிருந்து தன் குடத்தோடு என்னுடையதையும் வரிசையில் வைப்பது நஞ்சம்மாதான், உனக்கே தெரியும். அன்று அது என் வாசலிலேயே கிடந்தது. கேட்டதற்கு, போறவளுக்கு எதுக்குக்கா வரிசை, எங்ககிட்ட ஒரு வார்த்த சொல்லாம யாரோ ஒரு பொண்ணுகிட்ட சொல்றியே என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கடைசியில் போய் நின்றேன், என் முறை வருவதற்குள் தண்ணீர் நின்றுவிட்டது. நஞ்சம்மா தன் குடத்துத் தண்ணீரில் பாதியை எனக்கு ஊற்றிவிட்டுப் போனாள். அப்போதுதான் எனக்கே தெரிந்தது முனி, இவர்களை விட்டு என்னால் வர முடியாது.

நேற்று அந்தப் பெண் விட்டுப்போன வீடுகளுக்காக மறுபடி வந்தாள். என் ஒன்றை ஐந்தாக்கு தாயி என்று கேட்டேன். அன்று சொன்னதுதான் கணக்கு, திருத்தக் கூடாதும்மா என்றுவிட்டாள். நஞ்சம்மா எனக்காக அவளோடு சண்டைக்கே போய்விட்டாள், நான்தான் சமாதானம் செய்து காபி கொடுத்து அனுப்பினேன். அவள் தாளில் ஒன்றாகவே இருந்துவிட்டுப் போகட்டும், உனக்கு எழுதும் இந்தத் தாளில் ஐந்து போடுகிறேன். உன்மேல் பாசம் குறைந்துவிட்டதென்று நினைக்காதே கண்ணு, உன் முகத்தைப் பார்க்க ஏங்காத நாளே இல்லை.

வேளைக்குச் சாப்பிடு, ராஜாத்தியிடம் சிடுசிடுக்காதே, பாப்பாவுக்கு என் முத்தம். எல்லோரும் நோய்நொடியில்லாமல் நூறு வயசு இருக்க வேண்டும். எனக்கு ரயில் டிக்கெட் எடுத்துவிடாதே, அந்தப் பணத்தில் பொங்கலுக்கு நீங்கள் மூவரும் இங்கே வாருங்கள். வரிசையில் உங்களுக்கும் ஒரு குடம் சேர்த்து வைப்பதாக நஞ்சம்மா எழுதச் சொன்னாள்.

உன் அம்மா,
ஜோதியம்மாள்