மேல்தட்டில் வைக்கச் சொன்னேன்

ஜனவரி 20, செவ்வாய்

அம்மாவின் அலுமாரியை இன்றைக்குத்தான் ஒதுக்கினேன். செத்து இரண்டு மாதம். பதினொரு சேலை, ஆஸ்பத்திரிக் கொப்பி, திருநீற்றுப் பெட்டி. எங்கே ஒளித்து வைத்திருந்தாவோ, இனிப்புச் சுற்றின ஒரு ரொபிக் கடதாசிகூடக் கிடைக்கவில்லை. கடைசி மூன்று மாதமும் சுகர் இறங்கவே இல்லை. டொக்டர் இன்சுலினைக் கூட்டிக்கொண்டே போனார். களவாக இனிப்புத் தின்கிறா என்று நானும் கத்திக்கொண்டே இருந்தேன். "நான் ஒண்டும் தின்னேல்லையடி சோபனா" என்பா. யார் நம்பினது?

அழுகை வரவில்லை. செத்தவீட்டிலும் வரவில்லை. சனம் என் முகத்தைப் பார்த்துக் குசுகுசுத்தது.

பிரிட்ஜின் மேல்தட்டில் அம்மாவின் இன்சுலின் போத்தல் ஒன்று இன்னும் நிற்கிறது. எறியக் கை போகவில்லை. கதவை மூடிவிட்டு வேலைக்குப் போனேன்.

ஜனவரி 28, புதன்

நான் வேலை செய்கிற ஷோரூமில் மனேஜர் கூட்டம் வைத்தார். கொம்பனி பெப்ரவரி நாலாம் திகதி, சுதந்திர தினத்தன்று, புதுப் பிரிட்ஜ் இறக்குகிறதாம். பெயர் ஹிமலங்கா. 'நம் நாடு, நம் குளிர்'. எல்லோரும் சிங்கக்கொடி பட்ஜ் குத்த வேண்டும். மனேஜர் சிவகுருநாதன், "நாட்டிலேயே கூடின குளிர் எண்டு சொல்லுங்கோ. நெஞ்சை நிமிர்த்திச் சொல்லுங்கோ" என்றார். நிமிர்த்திக்கொண்டுதான் நின்றேன். பதினாறு வருடமாக நிற்கிறேன்.

மெக்கானிக் நஸ்ரி ஒன்றைப் பிரித்துப் பார்த்துவிட்டு வந்தான். "மோட்டர் சீனா, கதவு தாய்லாந்து. ஸ்டிக்கர் மட்டும்தான் எங்கட, சோபனாக்கா."

ஆனந்தராசா ஐயா வழக்கம்போல ஏசிக்குக் கீழே இருந்தார். சுங்கத்தில் ஓய்வு பெற்றவர். ஒரு நாளும் ஒன்றும் வாங்க மாட்டார், பேப்பரை முடித்து அபிப்பிராயம் சொல்லிவிட்டுத்தான் எழும்புவார். "சீனன்ர சாமான் மூண்டு வருசம். கொரியாக்காரன்ர ஆறு. ஜப்பான்ர எண்டால் நீ செத்தாலும் அது ஓடும்."

"எங்கட நாட்டுச் சாமான் ஐயா?"

"அது ஸ்டிக்கர் கழரும் வரைக்கும் பிள்ளை."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் பல்லைக் காட்டினேன்.

நானும் ஜப்பான் கட்சிதான். எங்கள் வீட்டில் இருப்பது அப்பா தொண்ணூற்றாறில் வாங்கின ஒற்றைக் கதவு ஜப்பான் பிரிட்ஜ். இடையில் சில வருடம் குளிர் செத்து, பால்கூடத் திரைந்தது. போன ஓகஸ்டில் நஸ்ரி வந்து புதுக் குளிர்வாயு, காஸ், அடித்தான். அதிலிருந்து குளிர் புதுசு மாதிரி. முப்பது வருடம்! யாரிடம் சொன்னாலும் எனக்குக் கொஞ்சம் பெருமையாகத்தான் இருக்கும். அம்மாவுக்கும் அப்படித்தான்.

பெப்ரவரி 4, புதன்

கொடி. கேக். முகநூலுக்குப் படம். மூன்று பிரிட்ஜ் விற்றுப் போனது.

பெப்ரவரி 11, புதன்

இந்த ஊரில் ஒருவரும் பெட்டியில் எழுதியிருப்பதை வாசித்துச் சாமான் வாங்குவதில்லை. விலை கேட்பார்கள், கதவைத் திறந்து மூடுவார்கள், பிறகு எங்கள் முகத்தைப் பார்த்து ஒரே கேள்வி: "உங்கட வீட்டில என்ன பாவிக்கிறீங்கள்?" அதற்கு என்ன சொல்கிறோமோ அதுதான் அவர்களுக்கு உத்தரவாதம். இந்த மாதம் முழுக்க "ஹிமலங்காதான்" என்று சொல்லச் சொல்லி மனேஜரின் கட்டளை. சொல்கிறேன். முதல் நாள் நாக்குக் கொஞ்சம் தடக்கியது. இப்போது இல்லை.

இன்றைக்கு மூதூரிலிருந்து ஒரு புருஷன் பெண்சாதி. பஹ்மியா, மஹ்ரூப். அவருக்கு சுகர், இரண்டு நேரமும் இன்சுலின். இவ்வளவு நாளும் மண்சட்டியில் தண்ணீர் விட்டு அதற்குள் போத்தலை வைத்திருந்தார்களாம். மருந்துக்காகவே பிரிட்ஜ் வாங்க வந்திருக்கிறார்கள். ஒற்றைக் கதவு ஹிமலங்கா ஒன்றைக் காட்டினேன்.

பஹ்மியா கேட்டா: "உங்கட ஊட்டுல என்ன மிஸ்?"

"இதுதான்" என்றேன்.

பிறகு ஏனோ வாய் சும்மா இருக்கவில்லை. "எங்கட அம்மாவும் இன்சுலின்தான் போட்டவ. மேல்தட்டில வையுங்கோ. அங்கதான் நல்ல குளிர். நான் அங்கதான் வைக்கிறனான். ஊசி போட முந்திக் கொஞ்ச நேரம் வெளியில எடுத்து வைப்பம்" என்றேன். பஹ்மியா என் கையைப் பிடித்து, "உங்கட உம்மாக்குச் சொன்ன மாதிரியே எங்களுக்கும் சொல்றீங்க" என்றா.

இன்றைக்கு நான் சொன்னதில் அது ஒன்றுதான் உண்மை. வீட்டுக்கு வரும் வழியில் அதை நினைத்துக் கொஞ்சம் நன்றாக இருந்தது.

பெப்ரவரி 19, வியாழன்

நோன்பு தொடங்கிவிட்டது. கடைகள் பின்னேரம் வெறிச்சோடிக் கிடக்கின்றன. ஒன்றும் எழுத இல்லை.

மார்ச் 3, செவ்வாய்

மூதூரிலிருந்து போன். மஹ்ரூப் மயங்கி விழுந்து, இங்கே பெரியாஸ்பத்திரியில் கிடக்கிறாராம். சுகர் மீற்றரில் இலக்கம் காட்டவில்லையாம், அவ்வளவு ஏற்றம். பேசியது அவருடைய தம்பி நுஸ்கி. பிரிட்ஜ் வாங்கின பிறகுதான் இப்படி என்கிறான்.

நான் "விசாரிக்கிறம்" என்றேன். பழக்கத்தில் வருகிற சொல்.

மார்ச் 5, வியாழன்

மத்தியானம் ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஏன் போனேன் என்று தெரியாது. மஹ்ரூப் கண்ணை மூடிக் கிடந்தார், கையில் சேலைன். பஹ்மியா வெளியே வாங்குப் பலகையில் இருந்தா. மஹ்ரூப் நோன்பு பிடிப்பதில்லை, பிடிக்க வேண்டாம் என்று டொக்டர் சொன்னாராம். ஆனால் நோன்பு துறக்கிற நேரம் அவருக்கும் இனிப்புக் கொடுத்துத்தான் இப்படி ஆக்கினா என்று குடும்பம் முழுக்க அவவின் மேல் பாய்ந்திருக்கிறது.

"ஒரு பேரீச்சம்பழம் மிஸ். அல்லாஹ்மேல ஆணையா, ஒண்டுக்கு மேல நான் குடுக்கல்ல. ஒருத்தரும் நம்புறாங்க இல்ல."

பக்கத்தில் இருந்தேன்.

பிறகு நேர்ஸ் வந்து, வீட்டிலிருந்து கொண்டுவந்த இன்சுலின் போத்தலை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினா. உள்ளே வெள்ளை வெள்ளையாகத் திரிதிரியாக மிதந்தது. "இது ஐஸ் பிடிச்ச மருந்து. ஒருக்கா உறைஞ்சால் சரி, பிறகு உருகினாலும் வேலை செய்யாது. எங்க வச்சனீங்கள்?"

பஹ்மியா என்னைப் பார்க்கவில்லை. "பிரிட்ஜுக்குள்ளதான்" என்று மட்டும் சொன்னா.

மார்ச் 7, சனி

நுஸ்கி வீடியோ போட்டிருக்கிறான். பிரிட்ஜின் கொடி ஸ்டிக்கரைக் காட்டி, "நம்ம நாடு எண்டு நம்பினதுக்கு எங்கட மஹ்ரூப் நானாவைக் கொல்லப் பாத்துட்டாங்க" என்கிறான். கீழே எண்ணூறு கொமென்ட். ஜப்பான் மாதிரி வராதாம். சீனாக்காரனின் சதியாம். நாட்டுச் சாமானைப் பழிக்கிறவன் நாட்டை விட்டுப் போகலாமாம். பெரிய கொம்பனிகள் எல்லாம் கள்ளராம். ஒருவன் தன்னுடைய மோட்டார் சைக்கிளை விற்க விளம்பரம் போட்டிருந்தான்.

எண்ணூறையும் வாசித்தேன். மேல்தட்டு என்று ஒருவரும் எழுதவில்லை.

மார்ச் 9, திங்கள்

நஸ்ரி மூதூர் போய்ப் பார்த்துவிட்டு வந்தான். பிரிட்ஜில் ஒரு பிழையும் இல்லை. "ஒத்தைக் கதவு தானே அக்கா. மேல்தட்டு ஐஸ்பெட்டிக்கு நேர் கீழ. அங்க வச்சால் எதுவும் உறையும், எந்த நாட்டுப் பிரிட்ஜ் எண்டாலும். கதவில வச்சிருந்தால் ஒண்டும் நடந்திராது. பிரிட்ஜோட வாற புத்தகத்திலயும் போட்டிருக்கு."

புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். சிங்களம் இருக்கிறது, ஆங்கிலம் இருக்கிறது. 'நம் நாடு' என்று அட்டையில் மட்டும் தமிழ்.

மனேஜர் நிம்மதியில் எல்லோருக்கும் தேத்தண்ணி எடுப்பித்தார். குடித்தேன்.

மார்ச் 12, வியாழன்

கொம்பனியிலிருந்து கடிதம். 'பாவனை முறைகள் வாடிக்கையாளருக்கு முழுமையாக விளக்கப்பட்டன. சேதம் வாடிக்கையாளரின் தவறான பாவனையால் ஏற்பட்டது.' விற்றவர் என்ற இடத்தில் என் பெயர்.

"சும்மா ஒரு சைன் பிள்ளை" என்றார் மனேஜர். "இல்லாட்டில் கொழும்பு உங்களைத்தான் கேக்கும்."

வைத்தேன். பேனை எழுதவில்லை என்று இரண்டாம் தரம் வேறு பேனை வாங்கி வைத்தேன்.

மார்ச் 13, வெள்ளி

கடிதத்தைக் கொம்பனி முகநூலில் போட்டுவிட்டது. இப்போது கொமென்ட் எல்லாம் பஹ்மியாவுக்கு. படிக்காத சனம் என்கிறார்கள். புருஷனைக் கொல்லப் பார்த்தவள் என்கிறார்கள்.

நானா எழுதினேன்? நான் எழுதவில்லை. சைன் மட்டும்தானே— என்ன கதை இது, சோபனா. ஆருக்கு இந்தக் கதை விடுறாய்.

மார்ச் 15, ஞாயிறு

காலை பஸ்ஸில் மூதூர் போனேன். கிண்ணியாப் பாலம் தாண்டும்போது இறங்கித் திரும்பிவிடலாமா என்று இருந்தது. இறங்கவில்லை.

மஹ்ரூப் வீட்டுக்கு வந்துவிட்டார். சாய்மனைக் கதிரையில் கிடக்கிறார். பாதி ஆளாகிவிட்டார், ஆனால் இருக்கிறார். நுஸ்கி என்னைக் கண்டதும் போனைத் தூக்கிப் படம் எடுக்கத் தொடங்கினான்.

"எடுங்கோ. நல்லா எடுங்கோ" என்றேன். "மேல்தட்டில வைக்கச் சொன்னது நான். உங்கட மச்சி பஹ்மியா நான் சொன்னபடிதான் செய்தவ. எங்கட வீட்டில ஹிமலங்காவும் இல்லை. அதுவும் பொய். அந்தக் கடிதத்தில சைன் வச்சதும் நான்தான்."

நுஸ்கி போனை இறக்கிவிட்டான். ஏசுவான் என்று நின்றேன். "இதச் சொல்லவா இவ்வளவு தூரம் வந்தீங்க?" என்று மட்டும் கேட்டான்.

பஹ்மியா என்னைக் குசினிக்குள், அடுப்படிக்கு, கூட்டிப்போனா. "நீங்க சொல்லித்தான் வச்சன் எண்டு நான் ஒருத்தருக்கும் சொல்லல்ல மிஸ். உங்கட வேலைக்கு ஒண்டும் வந்திரக் கூடாதெண்டு."

எனக்குத் தலை குனிந்துவிட்டது. இரண்டு கிழமையாக இந்த மனுசி என்னைக் காப்பாற்றிக்கொண்டு இருந்திருக்கிறா. நான் சைன் வைத்திருக்கிறேன்.

பிறகு அவ கேட்டா. குத்திக் கேட்கவில்லை, சும்மா, ஆசையாகத்தான் கேட்டா: "உங்கட உம்மாக்கும் அந்தத் தட்டுலதானே வச்சீங்க? அவங்களுக்கு ஒண்டும் செய்யல்லயா?"

"அது பழைய பிரிட்ஜ். குளிர் குறைவு" என்றேன்.

சொல்லி முடிக்கும்போதே நஸ்ரி காஸ் அடித்தது ஞாபகம் வந்தது. ஓகஸ்ட்.

பஸ்ஸில் வரும்போது விரலை மடித்து எண்ணினேன். ஓகஸ்ட், செப்டெம்பர், ஒக்டோபர். நவம்பர் பதினாலு, அம்மா செத்த நாள்.

மார்ச் 16, திங்கள்

வேலைக்குப் போகும்முன் அம்மாவின் போத்தலைப் பார்க்கப் போனேன், பார்க்கவில்லை. அதற்குப் பக்கத்தில், மேல்தட்டில், ஒரு கிளாஸ் தண்ணீர் வைத்துவிட்டுப் போனேன்.

பின்னேரம் வந்து திறந்தேன். கிளாஸைக் கவிழ்த்தேன். ஒரு துளி விழவில்லை.

அம்மா ஒன்றும் களவாகத் தின்னவில்லை.

தின்னேல்லையடி எண்டு எத்தினை தரம் சொன்னவ. அலுமாரிச் சாவியைப் பறிச்சனான். தலையணைக்குக் கீழ தேடினனான். பக்கத்து வீட்டுப் பிள்ளையள் பார்க்க, "இந்த வயசிலயும் களவோ" எண்டு கேட்டனான். அதுக்குப் பிறகு ஒரு கிழமை அவ என்னோட கதைக்கேல்லை. நான் அதுக்கும் ஏசினனான். அம்மா. ஐயோ அம்மா.

குசினி நிலத்தில் இருந்து அழுதேன். நிற்பாட்ட ஏலாமல் இருந்தது.

மார்ச் 18, புதன்

கொழும்புக்குக் கடிதம் எழுதினேன். வைத்த கையெழுத்து பொய், மேல்தட்டில் வைக்கச் சொன்னது நான், தமிழில் புத்தகம் போடுங்கள். மூன்றே வரி. மனேஜர் வாசித்துவிட்டு, "வேலை போகும் பிள்ளை" என்றார். கோபமாக இல்லை, கவலையாகத்தான் சொன்னார். "போகட்டும் சேர்" என்றேன். பட்ஜைக் கழற்றி மேசை லாச்சிக்குள் போட்டேன்.

பதில் வரும்வரைக்கும் சம்பளம் ஓடுகிறதே. மட்டையை வெட்டி, ஷோரூமில் நிற்கிற ஒவ்வொரு ஒற்றைக் கதவு பிரிட்ஜுக்குள்ளும் ஒட்டினேன். கொடி போட்டதற்கும் போடாததற்கும். 'இன்சுலினை மேல்தட்டில் வைக்க வேண்டாம். கதவில் வையுங்கள்.' ஆனந்தராசா ஐயா பேப்பரை மடித்து வைத்துவிட்டு வந்து வாசித்தார். ஜப்பான், சீனா என்று ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு மட்டைக்குப் பசை பூசித் தந்தார்.

மார்ச் 22, ஞாயிறு

நேற்றுப் பெருநாள். கொழும்பிலிருந்து இன்னும் பதில் இல்லை.

நேற்றுக் காலை சாம்பல்தீவிலிருந்து ஒரு இளம் சோடி கடைக்கு வந்தது. கதவைத் திறந்தார்கள், மூடினார்கள், மட்டையை வாசித்தார்கள். பிறகு அந்தப் பிள்ளை கேட்டது: "உங்கட வீட்டில என்ன அக்கா?"

"வீட்டில இப்ப பிரிட்ஜ் இல்லை" என்றேன். உண்மைதான். பிளக்கைக் கழற்றிக் கதவைத் திறந்து விட்டிருக்கிறேன். போத்தலையும் எடுத்து எறிந்துவிட்டேன். அந்தப் பிள்ளை யோசித்துவிட்டு, வேறு கடையும் பார்த்து வருகிறோம் என்று போய்விட்டது.

இன்றைக்குப் பின்னேரம் நுஸ்கி மோட்டார் சைக்கிளில் வீட்டுக்கு வந்தான். பஹ்மியா ஒரு பெரிய கிண்ணத்தில் பெருநாள் இனிப்பு வட்டிலப்பம் கொடுத்து அனுப்பியிருக்கிறா. "பிரிட்ஜில வச்சுச் சாப்பிடட்டாம்" என்று சொல்லிவிட்டு, சொன்னது விளங்கி, அவனே சிரித்துவிட்டான். மஹ்ரூப் பெருநாள் தொழுகைக்குப் பள்ளிக்கு நடந்து போய் வந்தாராம்.

வைக்க இடமில்லை. இன்றைக்கே முடிக்க வேண்டும். கருப்பட்டி மணம் வீடு முழுக்க. முதல் துண்டை வெட்டி அம்மாவின் படத்துக்கு முன்னால் வைத்தேன். சின்னத் துண்டல்ல.